இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே நிற்கும் பெண்

குழந்தை வளர்ப்புக்கு ஓர் ஆய்வு, முதியோர் பராமரிப்புக்கு இன்னோர் ஆய்வு என்று பிரித்துப் பிரித்து நடத்துவதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். எங்கள் டெல்டா கிராமங்களில் இரண்டையும் செய்பவள் ஒருத்திதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முறைவைத்தும் செய்வதில்லை. ஒரே நேரத்தில் செய்கிறாள். நீடாமங்கலம் பக்கத்தில், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் மாமியாரையும் நான்கு வயது மகனையும் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வீடு எங்களுடையது மட்டுமல்ல.

நம் நாட்டில் பெரிய கணக்கெடுப்புகளுக்குக் குறைவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் பிரசவம், தாய்ப்பால், தடுப்பூசி, குழந்தையின் எடை என்று விரிவாகக் கேட்டார்கள். படுத்த படுக்கையான மாமனாரைத் தூக்கி உட்காரவைப்பது யார் என்று கேட்கவில்லை. முதுமையைப் பற்றிய ‘லாசி’ ஆய்வின் முதல் சுற்று 2017-18இல் நடந்தது. 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தார்கள். குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா, நடக்க முடிகிறதா, யார் உதவுகிறார்கள் என்றெல்லாம் முதியவரிடம் கேட்டார்கள். உதவுகிற முப்பது வயது மருமகள் அந்தப் படிவத்தில் ஓர் உறவுமுறையாக மட்டும் நிற்கிறாள். ஓர் ஆய்வுக்கு அவள் தாய், இன்னோர் ஆய்வுக்கு மருமகள். இரண்டு வேலையையும் சேர்த்துச் சுமக்கும் ஆளாக அவளை எவரும் உட்காரவைத்துப் பேசவில்லை.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 41 சதவீதம் பேர் தம் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 140 நிமிடமும் ஆண் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். இந்தக் கணக்கெடுப்பு இல்லாவிட்டால் இந்த அளவுகூட வெளியில் தெரிந்திருக்காது, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் எண்ணும் முறையைப் பாருங்கள். அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், 10 நிமிடமாவது நீடித்தவற்றில் அதிகபட்சம் மூன்றைத்தான் எழுதுவார்கள்.

எங்கள் வீட்டில் காலை ஏழு மணி முதல் ஏழரை வரை என்ன நடக்கிறது? அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. அத்தைக்கு பெட்பேன் வைத்து எடுத்துத் துடைத்துவிட ஏழெட்டு நிமிடம். அதற்குள் மகன் தட்டைக் கவிழ்த்திருப்பான், அவனுக்கு மறுபடி நான்கு வாய் இட்லி. அத்தையை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைப் பார்த்துப் பவுடர் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். பிறகு சர்க்கரை மாத்திரை, ஒரு வாய் வெந்நீர். மகன் வாசலைத் தாண்டிவிட்டானா என்று ஓடிப் பார்க்க ஒரு நிமிடம். சமையலைத் தவிர இவற்றில் ஒன்றுகூடப் பத்து நிமிடத்தைத் தொடாது. படிவத்தில் ஏறுவது சமையல் மட்டும்தான். பராமரிப்பு என்பது இப்படி ஐந்து நிமிடமும் மூன்று நிமிடமுமாகச் சிதறிக் கிடப்பது. ஒரு வேலை இன்னொன்றை வெட்டிக்கொண்டே இருப்பதால்தான் உடம்பு சாய்ந்துபோகிறது. அந்த வெட்டுகளை எண்ண ஒரு முறை வேண்டும்.

உடம்பு சாய்கிறது என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் சிறிய காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பராமரிப்பு வேலை இல்லாத பெண்களைவிட இவர்களுக்கு ஆற ஏறக்குறைய 9 நாட்கள் கூடுதலாக ஆயின. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஷுல்ஸ், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாழ்க்கைத்துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் மனஅழுத்தத்தோடு பராமரித்தவர்களுக்கு, அந்த வேலை இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. இவையெல்லாம் ஒரு பக்கத்து வேலையை மட்டும் அளந்த ஆய்வுகள்.

இரண்டையும் சேர்த்து எண்ணிய நாடு ஜப்பான். அங்கே சோமா நாவோகோ, யமாஷிதா ஜுன்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012 முதல் இதை ‘இரட்டைப் பராமரிப்பு’ என்று தனியாகப் பிரித்து ஆராயத் தொடங்கினார்கள். 2016இல் அந்நாட்டு அமைச்சரவை அலுவலகமே ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: சுமார் 2,53,000 பேர், அவர்களில் 1,68,000 பேர் பெண்கள். முதியோர் பராமரிப்புக்கென்று 2000ஆம் ஆண்டிலிருந்தே காப்பீடு நடத்தும் நாட்டிலேயே இதைத் தனியாக எண்ண வேண்டியிருந்தது என்றால், அப்படி எதுவுமே இல்லாத நாம் எண்ணாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

டெல்டாவில் இது பெருகுவதற்குக் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. படித்த பிள்ளை சென்னைக்கும், படிக்காத பிள்ளை திருப்பூருக்கும், கடன் வாங்க முடிந்தவன் வளைகுடாவுக்கும் போய்விடுகிறான். பழைய கூட்டுக் குடும்பம் சொர்க்கமாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை, அங்கேயும் கடைசி மருமகள்தான் தேய்ந்தாள். ஆனால் அவசரத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருந்தது.

நிலமில்லாத வீடுகளில் நிலைமை இன்னும் கடுமையானது. நடவு ஆட்கள் விடிந்ததுமே கிளம்பிவிடுவார்கள். அங்கன்வாடி திறப்பது அதற்குப் பிறகு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நல்ல விதி. வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் கிழவருக்கு மத்தியானக் கஞ்சி யார் கொடுப்பது என்பதற்கு எந்த விதியும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த இரவில், எங்கள் தெருவில் ஒரு பெண் முகாமுக்குப் போகவே இல்லை. பக்கவாதம் வந்த மாமனாரைத் தூக்கிச் செல்ல ஆள் கிடைக்கவில்லை, அவரை விட்டுப் போக மனமும் வரவில்லை. கைக்குழந்தையோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். புயல் பாதிப்பைப் பற்றிய எந்தக் கணக்கில் அவள் முடிவை எழுதுவார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. உண்மையில் பெரிய உதவி. அங்கன்வாடியும் அப்படியே. ஆனால் அது குழந்தையின் பதிவேடு, இது நோயாளியின் பதிவேடு. இரண்டையும் எடுத்துக்கொண்டு வரும் தன்னார்வலரும் பணியாளரும் அதே வாசலில் அதே பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். ‘பராமரிப்பவர் யார், அவர் பொறுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா’ என்று ஒரு பத்தியை நோயாளி பதிவேட்டில் சேர்த்தால் போதும். எந்தெந்த வீட்டுக் குழந்தையை மாலை ஐந்து மணி வரை அங்கன்வாடியில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆள் அனுப்ப வேண்டும், புயல் எச்சரிக்கை வந்ததும் எந்த வீட்டுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்று அந்தப் பத்தியே சொல்லிவிடும்.

முதியோர் இல்லங்களைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: நான் அதைக் கேட்கவில்லை. அத்தையை நான்தான் பார்த்துக்கொள்ள விரும்புகிறேன். என் மகனுக்கு அவர் சொல்லும் கதைகள் வேண்டும்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் மற்றக் கல்லூரிகளிலும் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இந்தத் தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பவரின் சுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் ஸாரிட் வினாத்தாளை அப்படியே கொண்டுவராதீர்கள். மறதிநோயாளிகளின் குடும்பங்களை மனத்தில் வைத்து உருவாக்கிய அந்த 22 கேள்விகளில், குழந்தை ‘குடும்பத்தின் மற்றப் பொறுப்புகள்’ என்ற சொற்றொடருக்குள் ஒளிந்துகொள்கிறது. மேலும், உறவினரின் அருகில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. எங்கள் வீடுகளில் நோயாளியின் கட்டில் கூடத்திலேயே கிடக்கிறது. அதே கூடத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த மருமகள் உண்மையைச் சொல்வாள்? கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே போய்க் கேளுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு நடக்கும்போது ஒரு முறை வாருங்கள், அறுவடை முடிந்த மாசியில் இன்னொரு முறை வாருங்கள். ஒரே பெண் இரண்டு விதமாகப் பதில் சொல்வாள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.