கருப்புக் கண்ணாடியும் ஒரு கொட்டாவியும்

இருபது ஆண்டுகளாகக் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். முகத்தில் நிழல் விழக் கூடாது, கண் மூடியிருக்கக் கூடாது, வாய் திறந்திருக்கக் கூடாது. இதற்குத்தான் எனக்குக் கூலி. போன மாதம் அக்கா மகள் வந்து, "மாமா, இத்தனை தப்பும் இருக்கிற மாதிரி படம் எடுத்துத் தர வேண்டும்" என்றாள்.

காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். இல்லாத ஒரு நடிகையைப் பற்றி நான்கு பக்கத்தில் போலிக் கிசுகிசு இதழ் செய்வது அவளுக்கு வகுப்பு வேலை. இருக்கிற நடிகையின் படத்தை எடுத்து ஒட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் தோழியை நடிகையாக்க நினைத்தாளே, அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

நம் ஊர்க் கிசுகிசுவுக்கு இத்தனை சிரமம் இருந்ததில்லை. 'மூன்றெழுத்து நடிகை' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கருப்பு நிழலுருவம் போட்டால் போதும், மிச்சத்தை டீக்கடை பெஞ்சு எழுதிக்கொள்ளும். எழுத்து மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1944 நவம்பரே சாட்சி. நடிகர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய 'இந்து நேசன்' இதழை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947இல்தான் வெளியே வந்தார்கள். எங்கள் கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ நடத்திய ஸ்ரீராமுலு நாயுடுவும் அதே வழக்கில் கைதாகி விடுவிக்கப்பட்டவர்தான்.

இவர்கள் கேட்டதோ வெள்ளைக்காரப் பத்திரிகை பாணி. ஒளிந்திருந்து எடுத்த படம், சிவப்பு வட்டம், அம்புக்குறி.

அலங்காரமே செய்துகொள்ளாதவளைப் போல ஒரு பெண்ணை அலங்கரிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கொண்டை போட்டு, சீப்பின் வாலால் நாலைந்து முடிகளை இழுத்துவிட்டாள் அக்கா மகள். கண்ணுக்கடியில் பழுப்பு மையைத் தொட்டுத் தேய்த்துத் தூக்கமின்மையை வரவழைத்தாள். திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கிய, இரண்டு அளவு பெரிய டி-ஷர்ட். பாதி முகத்தை மூடும் கருப்புக் கண்ணாடி. தோளில் ஒரு கைப்பை. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி, ஆர்.எஸ். புரம். முதலில் எடுத்தவை நகைக்கடை விளம்பரம் போலப் பளிச்சென்று வந்து தொலைந்தன. கை பழகிய பழக்கம். காருக்குள் உட்கார்ந்து 200 மி.மீ. லென்ஸில், ஜன்னல் விளிம்பு மங்கலாகச் சட்டத்துக்குள் விழும்படி எடுத்த பிறகுதான் திருட்டுக் களை வந்தது. அந்த மங்கலைப் பார்த்தால்தான் வாசகருக்குத் தானும் ஒளிந்து பார்க்கிற கிளுகிளுப்பு. மாலையில் அவளைச் சுவரோரம் நிறுத்தி முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தேன். இருபது ஆண்டுகளாக விரட்டிய கறுத்த நிழலை நானே கூப்பிட்டுச் சுவரில் உட்காரவைத்தேன்.

பால் வாங்க வந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, இந்த அம்மணி எந்தச் சீரியலில் வருகிறது?" என்றார். பத்து நிமிடத்தில் நாலு கைப்பேசிகள் அவளை நோக்கி உயர்ந்தன. தினமும் அதே தெருவில் கல்லூரிப் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் அவள்.

முந்நூறுக்கும் மேல் படங்கள். பெரும்பாலானவற்றில் அவள் சிரிக்கிறாள். தேர்ந்தெடுத்தவை நான்கு. கொட்டாவிக்கு, 'தூக்கம் தொலைத்த நடிகை!' கைப்பேசியோடு முகம் சுளித்ததற்கு, 'யாருடன் சண்டை?' கோபியிலிருந்து அம்மாயி அழைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்ட நேரம் அது. வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். டி-ஷர்ட்டைச் சரிசெய்யும்போது வயிற்றில் கை பட்ட படத்துக்குச் சிவப்பு வட்டம்: 'விசேஷமா?'

படத்தில் ஒரு புள்ளியைக்கூட நாங்கள் மாற்றவில்லை. கணினியில் முகத்தை மாற்றுகிறார்கள் என்று ஊரே பயப்படுகிறது. முந்நூறில் நாலைப் பொறுக்குவதற்கு எந்தக் கணினியும் வேண்டாம். நானும் யோக்கியனில்லை. காலையில் சண்டைபோட்ட சம்பந்திகளைச் சிரிக்கிற நொடியில் பிடித்து ஆல்பத்தில் வைப்பவன்தான். ஆனால் என் ஆல்பத்தைப் பார்த்து யாரும் ஒரு பெண்ணின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனதில்லை.

பக்கங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், நடிகையாக நின்ற தோழியும்தான். மூன்றாம் பக்கத்தில் அவள் சிரிப்பு நின்றது. "சார், இதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஊரில் யாராவது பார்த்தால் அம்மாயி தாங்கமாட்டார்."

"கீழே 'முழுக்கக் கற்பனை' என்று போட்டிருக்கிறதே" என்று அக்கா மகள் வாதாடினாள். மதிப்பெண் கவலை அவளுக்கு. கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியை வெட்டி அவளுக்கே அனுப்பினேன். இரண்டு நொடி வேலை. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

சிவப்பு வட்டம் வயிற்றிலிருந்து கைப்பைக்கு இடம் மாறியது: 'அம்மாடி! நாலு லட்ச ரூபாய்ப் பை!' ஒப்பணக்காரத் தெருவில் பேரம் பேசி 350 ரூபாய்க்கு வாங்கியது. அன்று மாலையே வார் அறுந்துவிட்டது.