வலி இல்லாவிட்டாலும் ஓய்வு வேண்டும்
"உடம்பு வலித்தால் மட்டும் ஓய்வெடுங்கள், இல்லையென்றால் தினமும் ஓடலாம்" என்று ஓட்டப் பயிற்சி பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காக அக்டோபரிலிருந்து ஒரு நாள் விடாமல் மெரினாவில் ஓடினேன். வலி என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் இரவு படுத்தால் தூக்கம் வராது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன், 60 நிமிடத்தில் முடித்த 10 கிலோமீட்டருக்கு 70 நிமிடம் ஆனது. வேகம் குறைகிறதே என்று இன்னும் கூடுதலாக ஓடினேன், அதுதான் பெரிய தப்பு. காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குமுன், மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். வழக்கமாக நிமிடத்துக்கு 58 இருப்பது 67 ஆகியிருந்தது. ஓட்டத்தை நிறுத்திப் பத்து நாள் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தது. பயிற்சியில் களைத்த தசை பழுதுபார்க்கப்பட்டு வலுப்பெறுவது ஓய்விலும் தூக்கத்திலும்தானே! அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் ஓய்வு நாள் என்றால் படுத்தே கிடக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், அரை மணி நேரம் மெதுவாக நடக்கலாம். ஓய்வெடுத்தும் நாடி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், ரத்தசோகை, தைராய்டு போன்ற வேறு காரணமும் இருக்கலாம்.