கையில் இருந்த சரக்கு
நிதி, மருத்துவம், மென்பொருள் மூன்றில் ஒன்றைப் பிடித்தால்தான் ஃப்ரீலான்ஸ் எழுத்தில் காசு என்கிறது மேலே உள்ள கட்டுரை. என் கதை வேறு. கிரெடிட் கார்டு பற்றி ஒன்றரை வருடம் எழுதினேன்; வார்த்தைக்கு 60 பைசாவைத் தாண்டவில்லை, அதையே எழுத ஆயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். அப்புறம்தான் உறைத்தது, திருப்பூரில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களை ஆரம்பம் முதல் கடைசிவரை கவனிப்பவனாக, இருந்தவனுக்கு எதற்கு இந்தப் பாடு? இப்போது பின்னலாடை ஏற்றுமதியாளர்களின் இணையதளங்களுக்கு எழுதுகிறேன், ஆங்கிலத்தில்தான். முதல் வேலையிலேயே ஒரு டி-ஷர்ட்டை ‘ஆர்கானிக்’ என்று போடச் சொன்னார்கள். சான்றிதழை வாங்கிப் பார்த்தால் ஆர்கானிக் பருத்தி 80 சதவீதம்தான். ஆர்கானிக் துணிகளுக்கான சர்வதேசத் தரச்சான்றான ஜிஓடிஎஸ் விதிப்படி 95 சதவீதமாவது இருந்தால்தான் வெறும் ‘ஆர்கானிக்’. 70க்கு மேல் என்றால் ‘இத்தனை சதவீதம் ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்றுதான் போடலாம். அதைத் திருத்திக் கொடுத்த பிறகு முதலாளி என் கட்டணத்தில் பேரமே பேசவில்லை. மேலே கருத்துகளில் ஒருவர், இவ்வளவு சின்னத் துறையில் வேலை எத்தனை நாள் வரும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆர்டர் சுணங்கினால் இணையதளச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். போன வருடம் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அதனால் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியையும் பிடித்து வைத்திருக்கிறேன், மோட்டார் பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.