21 குண்டு மரியாதை அல்ல, மூன்று சுற்று

இறுதிச்சடங்கு வீடியோவின் கீழ், அந்த அமெரிக்க முன்னாள் படைவீரருக்கு 21 குண்டு மரியாதை தரப்பட்டதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். மதிப்போடு சொன்னதுதான், ஆனால் அது வேறு மரியாதை.

21 குண்டு என்பது பீரங்கி மரியாதை. அதிபர், முன்னாள் அதிபர், வெளிநாட்டு அரசுத் தலைவர் போன்றோருக்கு உரியது. கல்லறையில் நடப்பது துப்பாக்கி அணி சுடும் மூன்று சுற்று. அணியில் ஏழு பேர் நின்றால் 7 × 3 = 21 என்று கணக்கு ஒத்துப்போகும்; குழப்பம் அங்கேதான். சிற்றூர்களில் பெரும்பாலும் முன்னாள் வீரர் சங்கத்து முதியவர்களே சுடுவார்கள், ஐந்து பேர்தான் கிடைப்பார்கள். அப்போது 15 வெடி. அதனால் மரியாதை குறைந்துவிடாது.

வீடியோவைச் சத்தத்தோடு ஓடவிட்டு எண்ணுங்கள். எத்தனை பேர் நின்றாலும் மூன்று முறைதான் சேர்ந்து வெடிக்கும். நடுவே அடுத்த தோட்டாவை ஏற்ற, கையால் துப்பாக்கியின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) இழுப்பதும் தெரியும்: வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால், பழைய எம்1 துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது.

எழுத்தில் பார்க்க, அமெரிக்கச் சட்டத் தொகுப்பு தலைப்பு 10, பிரிவு 1491. குறைந்தபட்ச மரியாதையாகச் சீருடையில் இருவர், கொடியை மடித்துக் குடும்பத்திடம் தருதல், 'டேப்ஸ்' என்னும் ராணுவ ஊதுகொம்பு இசை ஆகியவையே அதில் உள்ளன. துப்பாக்கிச் சுற்றுகூட அந்தக் குறைந்தபட்சத்தில் சேராது. பீரங்கி மரியாதை யாருக்கு எத்தனை என்பது ராணுவ ஒழுங்குமுறை 600-25-இல் அட்டவணையாகவே இருக்கிறது.