பட்டை ஏற்றினால் வண்டிக்குப் பலம் கூடாது

பழைய டாடா 207-ஓ பொலிரோ பிக்கப்போ கைமாறி வந்ததும், புது ஓனர் வண்டியை முதலில் கொண்டுபோய் விடுகிற இடம் பட்டைக் கடை, அதாவது அச்சுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் போடுகிற கடை. "பின்னாடி ரெண்டு பட்டை சேத்துப் போடுங்கண்ணே, லோடு தாங்கணும்" என்பார். அடுத்து டிங்கரிங் கடையில் தொட்டிக்கு இரும்புத் தகடு. அப்புறம் டீசல் பம்பு ரிப்பேர் கடையில் இன்ஜினுக்குப் போகும் டீசல் அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது. கையில் காசு மிச்சமிருந்தால் பிரேக். இந்த வரிசை அப்படியே தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து. பழைய வண்டியில் முதல் காசு வண்டி நிற்பதற்கு, அடுத்தது ராத்திரியில் ரோடு தெரிவதற்கு, அதற்கப்புறம்தான் ஓடுவதற்கு. சுமப்பதற்கு என்று தனியாகச் செலவழிக்க எதுவுமே இல்லை. அது ஆர்.சி. புத்தகத்தில் அச்சடித்து வந்த எண்.

அந்த எண்ணை முதலில் எடுத்துப் பாருங்கள். லோடு ஏற்றிய மொத்த எடை, வெறும் வண்டி எடை என்று இரண்டு இருக்கும். உதாரணமாக 2,800, 1,700 என்று இருந்தால் கழித்து வருவது 1,100 கிலோ. அதில் டிரைவரும் உடன் வருபவரும் 140 கிலோ என்று வையுங்கள். தொட்டிக்கு அடிக்கிற தகட்டையும் இதில் சேர்க்க வேண்டும். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ. 2.4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலத் தொட்டிக்கு அடித்தளம் மட்டுமே 90 கிலோ வந்துவிடும். சைடு உயர்த்த ஆங்கிள், மேலே கேரியர், பின்னால் கனமான பம்பர் எல்லாம் சேர்ந்தால் 150, 200 கிலோ சுலபமாக ஏறிவிடும். லோடு அதிகம் ஏற்றத்தான் தகடு அடித்தார்கள். அந்தத் தகடே நாலு மூட்டை சிமென்ட் எடையை நிரந்தரமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

பட்டைக்கு வருவோம். பட்டைக் கட்டு வண்டியின் உயரத்தைத் தாங்குகிறது, குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. அதன் வேலை அத்துடன் முடிந்தது. எடையைச் சுமப்பது அச்சு, அதைச் சுற்றிய கூடான ஹவுசிங், வீல் பேரிங், டயர், அடிச்சட்டமான சேஸிஸ். நிறுத்துவது பிரேக் டிரம்மும் அதில் உராயும் லைனரும். இவற்றில் ஒன்றைக்கூடப் பட்டைக் கடையில் மாற்றுவதில்லை. பழைய கட்டு இருந்தவரை லோடு மிஞ்சினால் தொட்டி தாழும், பம்ப் ஸ்டாப் ரப்பர் அச்சில் தட்டும். "போதும், இறக்கு" என்று வண்டி சொல்கிற வார்த்தை அது. இரண்டு பட்டை சேர்த்ததும் வண்டியின் வாயைக் கட்டிவிடுகிறோம்.

சேர்க்கிற முறையும் பெரும்பாலும் தப்பு. ஒரே தடிமன், ஒரே வளைவு என்றால் 7 பட்டை 8 ஆகும்போது விறைப்பு 14% அளவுக்குக் கூடும், பாதகமில்லை. ஆனால் கடையில் கிடப்பது பழைய லாரிப் பட்டை. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கில் ஏறும். 8 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே 10 மி.மீ. பட்டை ஒன்றை வெட்டிச் சொருகினால், அந்த ஒன்று மட்டும் பக்கத்துப் பட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. மற்றவை வளையும்போது அது வளைய மறுக்கும், பாரம் அதன் தலையில் விழும், சென்டர் போல்ட் ஓட்டை அருகே விரிசல் விடும். தொய்ந்த பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவது இதைவிட மோசம். காய்ச்சியதை முறையாக எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தினால்தான் ஸ்பிரிங் குணம் திரும்பும். காய்ச்சி, அடித்து, தரையில் போட்டு ஆறவிட்ட பட்டை வெறும் இரும்பு. சில மாதத்தில் மறுபடி தொய்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை. பின் அச்சுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வும் அதிலிருந்து அச்சுக்கு இறங்கும் ஒரு கம்பியும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால் அதுதான் எல்.எஸ்.பி.வி., அதாவது லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக்குக்கு அழுத்தம் விடுகிற வால்வு. லோடு ஏறித் தொட்டி தாழ்ந்தால் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் குறைக்கும். பட்டை ஏற்றிய வண்டி ஒன்றரை டன் ஏற்றினாலும் அவ்வளவாகத் தாழாது. வால்வு வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைப் பட்டினி போடும். பாரத்தின் பெரும்பகுதியை முன் டிஸ்க்கே நிறுத்த வேண்டிவரும். சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது பிரேக் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரையோடு தரையாகப் போகும்போதுதான் தெரியும். சிலர் அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அப்போது பின் சக்கரத்துக்கு எப்போதும் முழு அழுத்தம். காலி வண்டி மழை ரோட்டில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் பூட்டிக்கொண்டு சுற்றும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 தர ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிய டாட் 3-க்கு 140 டிகிரியே போதும். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 தாராளமாக ஊற்றலாம். ஆனால் பழையதை முழுக்க வெளியேற்ற வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பாட்டில் திறந்து ஆறு மாதம் ஷெல்ஃபில் கிடந்த ஆயில் வேண்டாம். பெடலை மிதிக்க இலகுவாக்கும் பூஸ்டரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை அழுத்தி இறுக வையுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் பூஸ்டரை மாற்றும் முன், அதற்கு வெற்றிடம் தரும் வேக்கம் பம்பைப் பாருங்கள். இந்த டீசல் வண்டிகள் பலவற்றில் அது டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கும், இன்ஜின் ஆயிலில் ஓடும். அதன் சீல் போனால் ஒரே நேரத்தில் மூன்று தொல்லை: பிரேக் கடினமாகும், இன்ஜின் ஆயில் குறையும், டைனமோவுக்குள் ஆயில் இறங்கி சார்ஜ் நிற்கும்.

பின் லைனரில் கியர் ஆயில் நனைந்திருந்தால் எல்லோரும் வீல் சீலை மாற்றுவார்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும், "சீல் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை. ஹவுசிங் மேலே விரல் நுனி அளவில் ஒரு பிரீதர் மூடி இருக்கும். சேறு அப்பி அது அடைத்துவிட்டால், ஆயில் சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் போக வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப் பார்த்துவிட்டு அப்புறம் சீல் மாற்றுங்கள். நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுவது கூடாது. ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி கசியும்.

சேஸிஸைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மண் பானை போல மந்தமாகக் கேட்கும். பின் பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி, தொட்டிக்கு அடியில் குறுக்குச் சட்டம் சேரும் மூலை, பேட்டரி தட்டுக்குக் கீழே, இந்த இடங்களைத் தவறவிடாதீர்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் மீன் லோடு அடித்த வண்டி என்றால் ஒவ்வொரு அங்குலமாகப் பாருங்கள். உருகும் ஐஸோடு உப்புத் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரிசலுக்கு ஒட்டுத் தகடு போட்டால் அதன் முனைகளைச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். சதுரமாக வெட்டி, குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் அடித்தால் அந்தக் கோட்டை ஒட்டியே அடுத்த விரிசல் வரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையும் டைனமோ ஒயரும் கழற்றியிருக்க வேண்டும். பட்டை மேல் ஒரு பொறிகூட விழக்கூடாது, நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். பொறி பட்ட புள்ளியிலிருந்துதான் பட்டை ஒடியத் தொடங்கும்.

இன்ஜின் விஷயத்தில் இந்த வண்டிகள் வரப்பிரசாதம். 207 டிஐ-யின் 497 இன்ஜின் பெயரிலேயே 4 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) என்ற விவரம் இருக்கிறது. 2956 சி.சி. 1988-ல் வந்த டாடாமொபைலின் 483 இன்ஜினுக்கும் அதே கணக்கு, 83 மி.மீ. போர். மஹிந்திராவின் பழைய டிஐ 2523 சி.சி. கம்ப்யூட்டர் கிடையாது, கையால் புரிந்துகொள்ளக் கூடிய இன்ஜின்கள். இப்படிப்பட்ட இன்ஜினில் பம்பு ஸ்க்ரூவைத் திருகி டீசல் ஏற்றுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. காற்று அதே அளவுதான் உள்ளே வருகிறது. கூடுதல் டீசல் முழுக்க எரியாமல் கரும்புகையாகவும் சூடாகவும் மாறும், எரியாதது பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் கருமை வரம்பு 65 எச்.எஸ்.யு. பம்பு ஏற்றிய வண்டி அதைத் தாண்டுவது சகஜம். இழுவை குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நாசில் அழுத்தம், டேப்பட் இடைவெளி, கிளட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் இதற்குள்ளேயே காரணம் சிக்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் மாற்றும்போது, டீசல் குழாயைப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷரைப் பழையதையே போட்டதுதான் அதற்கு வழக்கமான காரணம். புது வாஷர் போட்டு, ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் ஒழுகும்போதே இறுக்குங்கள்.

ஹீட் ஆகிறது என்று, சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது இல்லாத இன்ஜின் குளிர்ந்தே ஓடும், டீசல் தின்னும், சிலிண்டர் லைனர் தேயும். சில இன்ஜினில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி, ஹீட் இன்னும் கூடும். சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண், உதாரணமாக 82, வரும்போது வால்வு மெல்ல வாய் திறக்க வேண்டும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் வாய் மூடியே இருந்தால் புதிது வாங்குங்கள். அது சரியாக இருந்தால் குற்றவாளி ரேடியேட்டர் அடைப்போ, மூடியோ, ஃபேன் பெல்ட்டோ.

மாற்றம் செய்தே தீர வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்கள் ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்) போடுங்கள். பழைய வண்டியில் பல்பின் மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்ப் முனையில் 12.3 வோல்ட் இருக்கும். ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் 30-ம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 87-லிருந்து பல்புக்கு அதே ஒயர், 86-க்குப் பழைய ஹெட்லைட் ஒயர், 85 எர்த். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பல்ப் அதே 60/55 வாட் எச் 4 போதும். 100/90 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

டயர் பெரிதாக்குவது பற்றி ஒரே கணக்கு. 215/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 போட்டால் விட்டம் 703.5 மி.மீ.-லிருந்து 733.5 ஆகிறது, 4%-க்கு மேல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது ஓடுவது 62.5. மேட்டில் கிளட்ச் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தேயும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.-யில் உள்ள விவரம் கம்பெனி நிர்ணயித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லோடு மிஞ்சினால் 194-வது பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்ட வேண்டும்.

ஏற்கெனவே பட்டை ஏற்றிய வண்டி கைக்கு வந்திருந்தால் கழற்றுங்கள். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, இருபுறமும் அச்சிலிருந்து சேஸிஸ் வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, அச்சை ஜாக்கியில் தாங்கி, பட்டைக் கட்டை இறக்குங்கள். வெட்டிச் சொருகிய பட்டையை எடுத்துவிட்டு, விரிசல் உள்ளதையும் ஒதுக்கி, கம்பெனி கட்டின் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். சென்டர் போல்ட், ஷேக்கிள் புஷ், கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் மூன்றும் புதிது. நீண்ட யூ போல்ட்டில் வாஷர் அடுக்கிச் சமாளிக்காதீர்கள். ஒரு முறை முழு முறுக்கு ஏறிய யூ போல்ட் இழுபட்டிருக்கும், மறுபடி பிடிப்பு நிற்காது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எடை கட்டின் மேல் விழுந்த பிறகு, நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகச் சர்வீஸ் புத்தகத்து அளவுக்கு முறுக்குங்கள். எல்.எஸ்.பி.வி. கம்பியை யாராவது நீட்டியோ வளைத்தோ இருந்தால் கம்பெனி அளவுக்குத் திருப்புங்கள். பின்பக்கம் தாழ்ந்ததால் ஹெட்லைட் ஒளி மேலே ஏறியிருக்கும், அதையும் இறக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். நட்டின் அடியில் துருநிறத்தில் மெல்லிய பொடி தெரிந்தால் அந்த நட் தளர்ந்து ஆடியிருக்கிறது. அதை மட்டும் இன்னொரு 500 கிலோமீட்டருக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.