டிஜே வைத்தால் ஹாஸ்டல் ஒன்றாகிவிடுமா?

நேற்று எங்கள் விடுதிக் கமிட்டிக் கூட்டம். ஹாஸ்டல் டே பட்ஜெட் போட்டார்கள். மேடை, லைட், டிஜே, பிரியாணி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். முக்கால்வாசிப் பணம் மேடைக்கும் சத்தத்துக்குமே போகிறது. "மாணவியரிடையே ஒற்றுமை வளரும்" என்று தீர்மானத்தில் எழுதியும் ஆயிற்று. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், மேடம் எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்கிறார் என்பார்கள். அதனால் இங்கே புலம்புகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. நான்கு வருடமாகப் பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனும் நான்தான். பார்த்ததைச் சொல்கிறேன். ஹாஸ்டல் டே அன்று முன்னால் நின்று ஆடுகிறவர்கள் ஏற்கெனவே கூட்டாளிகளாக இருப்பவர்கள். யாரோடும் ஒட்டாத பெண் அன்றைக்கு இன்னும் ஒதுங்கிப் போகிறாள். போன வருடம் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தபோது மாடிக்குப் போனேன். இரண்டாம் தளத்தில் ஏழு அறைகளில் விளக்கு எரிந்தது. ஒருத்தி அந்தப் புது டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தாள். "இங்க செம ஜாலிம்மா, சத்தம் கேக்குதா?" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. முதல் வருடம் பெரிய திட்டம் போட்டேன். ஞாயிறு காலை பத்து மணி, செமினார் ஹால், அறிமுக விளையாட்டுகள், பரிசு. நோட்டீஸ் ஒட்டி, வாட்ஸப்பில் மூன்று முறை ஞாபகப்படுத்தி, நூற்றுச் சொச்சம் பேரில் வந்தது ஒன்பது பேர். கோபத்தோடு மேலே ஏறினால் மொத்த விடுதியும் மொட்டை மாடியில் இருக்கிறது. வாளி வரிசை, எண்ணெய்த் தலை, கொடியில் இடம் பிடிக்கிற சண்டை, ஈரத் துணியைப் பிழிய ஆளுக்கொரு முனை. ஃபைனல் இயர் பெண் ஒருத்தி முதலாண்டுப் பெண்ணிடம், எந்தச் சாரிடம் எப்படி லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஏற்பாடு செய்யாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. கீழே மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

விடுதியில் ஏதாவது நடத்த நினைக்கும் புது வார்டன்களுக்கு, முதலில் ஒரு மாதம் ஒன்றும் நடத்தாமல் எந்த நேரத்தில் யார் எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். துணி துவைக்கும் நேரம், மெஸ் க்யூ, இன்டர்னல் பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, ஊருக்குப் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை. நாம் புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்கி அவர்களை அங்கே இழுப்பதை விட, இருக்கும் கூட்டத்தில் ஒரு சுண்டல் அண்டாவை வைப்பது சுலபம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு விதிமுறைகள் வந்தன. புதிதாக வருபவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் வை என்றார்கள். அது வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அதே விதிமுறைகளில், சீனியர்கள் வந்த பிறகு இரு தரப்பும் பழகுவதற்கு ஆசிரியர்கள் முன்னிலையில் கலை நிகழ்ச்சி, விளையாட்டு எல்லாம் பெரிய அளவில் நடத்து என்றும் இருக்கிறது. ஆசிரியர்கள் கூடுமானவரை விடுதிப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், அது புதியவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டு வரி எத்தனை பேர் கண்ணில் பட்டதோ! நாம் எடுத்துக்கொண்டது சுவரையும் கேமராவையும் உறுதிமொழிப் பத்திரத்தையும். சேர்த்துவைக்கிற பாதியை விட்டுவிட்டோம். எங்கள் விடுதியில் மூன்றாம் வருடப் பெண்கள் பலருக்கு முதலாண்டில் ஒருத்தி பெயர்கூடத் தெரியாமல் வருடம் முடிந்துவிடுகிறது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னை ஐஐடியில் விடுதிகளுக்கு நர்மதா, கோதாவரி, தாமிரபரணி என்று ஆற்றுப் பெயர்கள். திருச்சி என்ஐடியில் அகேட், ஓப்பல், ஜேட் என்று கற்களின் பெயர்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ஹாஸ்டல் என்றே சொல்ல மாட்டார்கள், 'ஹால்' என்பார்கள். அங்கே படித்தவர்கள் தலை நரைத்த பிறகும் நான் சேலையூர் ஹால், நான் ஹீபர் ஹால் என்று சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுடையது பி பிளாக். பக்கத்தில் இருப்பது நியூ பிளாக், கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. பி பிளாக்குக்காக யார் கத்துவார்கள்?

சரி, உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தீபாவளிக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு பெண்ணின் பையிலும் ஒரு டப்பா இருக்கும். முறுக்கு, அதிரசம், தட்டை. அது நேராகப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டு, ராத்திரி அந்த அறையின் நான்கு பேருக்குள்ளேயே தீர்ந்துவிடும். இரண்டு வருடம் முன்பு, திரும்பும் நாள் சாயங்காலம் ஒவ்வொரு தளத்திலும் வராண்டாவில் ஒரு மெஸ் பெஞ்சைப் போட்டேன். டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி இங்கே வைத்துவிட்டு அறைக்குப் போங்கள் என்றேன். அவ்வளவுதான். பேச்சு, பரிசு, அறிமுகம் எதுவும் கிடையாது. பதினோரு மணிக்கு நான்தான் போய்க் கலைக்க வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு ஓட்டை. பீகார்ப் பெண்கள் நான்கு பேர் அன்றைக்கு வரவே இல்லை. அவர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வாக்கில்தான் சட் பூஜை, அதுதான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. லீவ் நீட்டிப்பு கேட்டபோது நானே முகத்தைச் சுளித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன், யோசிக்கவில்லை. அவர்கள் வந்த அன்று இன்னொரு முறை பெஞ்சு போட்டோம். தேக்குவா கொண்டுவந்திருந்தார்கள். கோதுமை மாவில் வெல்லம் போட்டு நெய்யில் பொரித்தது, சூரியனுக்குப் படைப்பது. மெஸ் அக்கா ஒன்றைக் கடித்துவிட்டு, "நம்ம பொங்கலாட்டத்தானுங் மேடம், சூரியனுக்குத்தான் வைக்கறாங்க" என்றார். அப்புறம் பக்குவம் கேட்டு அந்தப் பெண்களை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் 'சாப்டாச்சா'வோடு சரி. வெல்லம் எவ்வளவு என்பதைக் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இதற்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். டீக்கும் பேப்பர் தட்டுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்.

அப்படியானால் ஏன் டிஜேதான் ஜெயிக்கிறது? காரணம் எல்லோருக்கும் தெரியும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) ஆய்வுக்கு ஃபைல் வேண்டும், ஃபைலுக்கு ஜியோடேக் போட்ட, அதாவது எடுத்த இடம் பதிவான, போட்டோ வேண்டும். மேடை போட்டோவில் பேனர் தெரியும், கல்லூரி முதல்வர் தெரிவார், கூட்டம் தெரியும். பெஞ்சு போட்டோவை நான் கொடுத்தபோது, இதில் யார் முகமும் தெரியவில்லையே மேடம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உண்மைதான். எல்லோரும் தட்டுக்கு மேலே குனிந்திருக்கிறார்கள், பதினைந்து முதுகும் ஜடையும்தான் தெரிகின்றன.

நான் டிஜேயை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைகள் என்னைக் கொன்றுவிடுவார்கள். அந்தப் பணத்தில் கால்பங்கை எடுத்துத் தளத்துக்கு ஒரு பெண் பொறுப்பில் கொடுங்கள், மாதம் ஒரு முறை அவர்களே எதையாவது செய்துகொள்ளட்டும் என்றுதான் கேட்கப்போகிறேன். அந்தப் பொறுப்பை மேடையில் காம்பியரிங் செய்கிற பெண்ணுக்குக் கொடுக்காமல், ஜன்னல் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினாளே, அந்த மாதிரி ஒருத்திக்குக் கொடுத்துப் பார்க்க ஆசை.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. அந்த முதுகுப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.