உடனே கதிர்வீச்சு எல்லாருக்கும் வேண்டுமா?
புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் கதிர்வீச்சையும் கையோடு எடுத்துவிடுவதே நல்லது என்கிறது ஒரு கட்டுரை. எல்லாருக்கும் அப்படியில்லை. எங்க அப்பாவுக்கும் வெட்டிய ஓரத்தில் புற்றணு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது, பதறிப்போனோம். டாக்டர்தான் பொறுக்கச் சொன்னார். 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ராடிகல்ஸ் ஆய்வில் 1,396 பேர். உடனே கொடுத்தாலும், பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரத அளவு) 0.1-ஐத் தொட்டபின் கொடுத்தாலும் நோய்க் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சிறுநீர்க் கசிவு உடனே எடுத்தவர்களுக்கு அதிகம். அப்பாவுக்கு ஏற்கெனவே இருமினால் கசிகிறது. நிணநீர் முடிச்சு வரை பரவியிருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள். பிஎஸ்ஏ ஏறத் தொடங்கியபின் தள்ளிப்போடவும் கூடாது. மூன்று மாதத்துக்கொருமுறை டெஸ்ட் எடுக்கிறோம். ரிசல்ட் வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது.